நிஜ வெள்ளியில் அடித்த, வெளிவராத காசு: 1964 டி பீஸ் டாலர் வாங்கிய அனுபவம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைப்பாட்டுக்கு 5க்கு 5. மொத்தமாகப் பார்த்தால் 5க்கு 3. குறைந்துபோன அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லவ்லேண்ட் என்ற ஊரில் டேனியல் கார் என்பவர் மூன்லைட் மின்ட் என்ற பெயரில் தனியார் நாணயப் பட்டறை நடத்துகிறார். சாதாரண ஆள் இல்லை, 2001இல் வெளியான நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநிலக் கால் டாலர்களின் வடிவமைப்பு அவருடையது. டென்வர் நாணயச்சாலையில் ஒருகாலத்தில் ஓடி, பிறகு உபரி என்று கழித்துவிட்ட அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதில் காசு அடிக்கிறார். 2010இல் அவர் அடித்த 1964 டி பீஸ் டாலர்தான் என் கையில் இருப்பது. (பீஸ் டாலர் என்பது அமெரிக்க அரசு ஒருகாலத்தில் அடித்த வெள்ளிக் காசு, டி என்றால் டென்வர் நாணயச்சாலை.) புதுத் தகட்டில் அடித்ததல்ல, உண்மையான பழைய பீஸ் டாலர் ஒன்றை எடுத்து அதன் மேலேயே தன் அச்சை வைத்து மறுபடி அடித்தது. சேகரிப்பாளர்கள் ஓவர்ஸ்ட்ரைக் என்பார்கள், நான் மேலச்சு என்றே சொல்கிறேன்.

ஏன் 1964? அதில்தான் இந்தக் காசின் கவர்ச்சியும் இருக்கிறது, வம்பும் இருக்கிறது. பீஸ் டாலர் 1921இல் தொடங்கி 1928 வரை வந்தது, பிறகு 1934, 1935 என்று இரண்டு ஆண்டு வந்து நின்றுபோனது. 1964 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் 4.5 கோடி வெள்ளி டாலர் அடிக்க அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு மே மாதம், ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, டென்வரில் 1964 என்ற ஆண்டைப் போட்டே 3,16,076 காசுகள் அடித்தார்கள். நாடே சில்லறைத் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருக்கும்போது யாருக்காக இந்த வெள்ளி டாலர் என்று எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே திட்டத்தைக் கைவிட்டு எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். ஒன்றுகூட மிஞ்சியதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மிஞ்சியிருந்தாலும் அது அரசின் சொத்து, தனியார் வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசின் நிலை. ஆனாலும் தொழிலாளர்களில் சிலர் ஒன்றிரண்டை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள் என்ற பேச்சு இத்தனை ஆண்டாகியும் அடங்கவில்லை. இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, காசுக்கு வருகிறேன். உறையைப் பிரித்து முதல்முறை உள்ளங்கையில் வைத்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை, அது உண்மை. முன்பக்கம் சுதந்திர தேவியின் தலை. 1921இல் அந்தோணி டி ஃபிரான்சிஸி தன் மனைவி தெரசாவைப் பார்த்துச் செதுக்கிய முகம் அது. கூந்தல் இழைகள், கிரீடத்தின் கதிர்கள், கழுத்துக்குக் கீழே நான்கு இலக்கம், எல்லாம் அவ்வளவு கூர்மை. பின்பக்கம் பாறைமேல் நிற்கும் கழுகு, ஒன் என்ற சொல்லுக்குக் கீழே டென்வரைக் குறிக்கும் சின்ன டி. பத்து மடங்கு லென்ஸில் ரொம்ப நேரம் தேடியபிறகு, ஆண்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் அடியில் இருந்த பழைய காசின் ஒரு மெல்லிய கோடு நிழலாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் தனி. ஒரு காலத்தில் யார் யார் கையிலோ புழங்கிய காசு, அதன்மேல் வெளிவராமலே போன ஒரு ஆண்டு. கலையாகப் பார்த்தால் அருமையான யோசனை. நான் ஏன் வாங்கினேன் என்று கேட்டால் இதுதான் பதில், இதில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது.

பழைய காசை அழிக்கிறாரே என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள், அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. 1922இல் பிலடெல்பியாவில் மட்டும் 5 கோடியே 17 லட்சம் பீஸ் டாலர் அடித்திருக்கிறார்கள், தேய்ந்தும் கீறியும் கிடப்பவை ஏராளம். அதற்கு முன்பு 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அமெரிக்க அரசே 27 கோடி வெள்ளி டாலரை உருக்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு தனிமனிதர் மேலச்சு அடித்தது ஒரு துளி.

அடுத்து சோதனைகள். இந்த இடத்தில் இன்னொரு காசையும் பக்கத்தில் வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது புரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இணைய விற்பனையாளரிடம் (பெயர் வேண்டாம்) அமெரிக்க டிரேட் டாலர் என்று ஒன்று வாங்கி ஏமாந்தேன். டிரேட் டாலர் 1873இல்தான் பிறந்தது, ஆசியாவோடு வாணிபம் செய்வதற்கென்றே அடித்த காசு. என்னிடம் வந்ததில் போட்டிருந்த ஆண்டு 1799. அதாவது அந்த வடிவம் பிறப்பதற்கு 74 ஆண்டு முன்பு. அப்போது நான் புதுசு, படத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். டிரேட் டாலரில் ஒரு வசதி, அதன் எடையும் மாற்றும் காசிலேயே எழுதியிருக்கும், 420 கிரெயின், 900 என்று. 420 கிரெயின் என்றால் 27.2 கிராம். தராசில் வைத்தேன், 23 கிராம்கூட வரவில்லை. தன்மேலே எழுதியிருக்கும் எடையைத் தானே பொய்யாக்குகிற காசு! காந்தத்தைச் சாய்த்துப் பிடித்து மேலே காசை வழுக்கவிட்டால் நல்ல வெள்ளி மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கும். இது சட்டென்று ஓடிவிட்டது. சுண்டினால் வெள்ளியின் நீண்ட ஓசை வரவில்லை, தகரத் தட்டு மாதிரி டொக்கென்றது. எழுத்துகளின் ஓரம் உருகிய மெழுகு போல மழுங்கியிருந்தது, பரப்பில் ஊசிமுனை அளவுக்குக் கொப்புளங்கள். எந்தச் சந்தேகமும் இல்லாத கள்ளக்காசு.

இதே சோதனைகளை மேலச்சுக் காசுக்கும் வரிசையாகச் செய்தேன். எடை 26.7 கிராம், உண்மையான பீஸ் டாலருக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், சரி. காந்தம் சரி. ஓசை சரி. தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தேன், 90 சதவீத வெள்ளிக்கு வரவேண்டிய 10.3 பக்கம் வந்தது. வராமல் எப்படி இருக்கும், அடியில் இருப்பது அரசே அடித்த காசு! வீட்டில் செய்யக்கூடிய எந்தச் சோதனையிலும் இது தோற்காது. இதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். 1964 என்ற ஆண்டைப் போட்டு அரசு அடித்ததெல்லாம் உருக்கப்பட்டது, இப்படி ஒரு காசு வெளியில் இருக்க வாய்ப்பில்லை, 2010இல் ஒருவர் தனியாக அடித்தார் என்ற செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் பார்த்தால் தராசும் லென்ஸும் உதவாது.

மட்டமான போலிக்கு அடையாளம் தேவையில்லை, அதன் மட்டமே அடையாளம். நன்றாகச் செய்ததற்குத்தான் அடையாளம் தேவை. இந்தக் காசில் அந்த அடையாளம் இல்லை. நான் குறைத்த மதிப்பெண்ணில் ஒன்று இதற்கு.

எதைச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் 1973 நவம்பரில் ஹாபி புரொடெக்‌ஷன் ஆக்ட் என்ற சட்டம் வந்தது. நாணயத்தைப் போலச் செய்த எதிலும் நகல் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பொறித்தாக வேண்டும், வெறுமனே கீறக் கூடாது, உள்ளே குழிவாக வெட்ட வேண்டும். எழுத்தின் உயரம் குறைந்தது 2 மில்லிமீட்டர், சொல்லின் அகலம் குறைந்தது 6 மில்லிமீட்டர் என்றெல்லாம் விதி இருக்கிறது. (சின்னஞ்சிறு காசுகளுக்கு ஏற்றபடி 2016இல் இந்த அளவைத் தளர்த்தினார்கள்.) 2014 டிசம்பரில் சட்டத்தை இன்னும் இறுக்கி, தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் மட்டுமல்ல, விற்றவர்களும், தெரிந்தே துணைபோனவர்களும்கூட மாட்டும்படி செய்தார்கள். இதைக் கவனிக்கும் பொறுப்பு ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அமெரிக்க அரசு அமைப்புக்கு.

அப்படியானால் இந்தக் காசில் ஏன் நகல் முத்திரை இல்லை? தயாரித்தவர் தரப்பு வாதம் இது: நகல் என்றால் ஒரு மூலம் இருக்க வேண்டும், புழக்கத்துக்கு வந்த 1964 டி பீஸ் டாலர் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது, இல்லாத ஒன்றுக்கு எப்படி நகல் செய்ய முடியும்? மேலும் இது புதிதாக உருவாக்கிய காசே அல்ல, ஏற்கெனவே இருந்த உண்மைக் காசின் உருவத்தை மாற்றியது. ஏமாற்றும் எண்ணத்தோடு மாற்றினால்தான் அமெரிக்கச் சட்டப்படி குற்றம், நான் இன்னது செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்கிறேன். பஃபலோ நிக்கல் என்ற பழைய ஐந்து சென்ட் காசைச் செதுக்கி நாடோடியின் முகமாக மாற்றுகிறார்களே, ஹோபோ நிக்கல் என்று, அதை யாராவது போலி என்கிறார்களா?

இந்த வாதத்தை நான் ரொம்ப நாள் முழுதாக ஏற்றுக்கொண்டிருந்தேன். ஹோபோ நிக்கல் ஒப்பீடு நல்ல ஒப்பீடு என்றுகூட மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தொப்பியும் தாடியும் வைத்துச் செதுக்கிய நிக்கலைப் பார்த்து அரசு இப்படி அடித்திருக்குமோ என்று யாருக்கும் தோன்றாது, பார்த்த மாத்திரத்திலேயே அது கைவேலை என்று காட்டிக்கொடுத்துவிடும். மேலச்சுக் காசின் திறமையே காட்டிக்கொடுக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

இல்லாத ஆண்டுக்கு நகல் கிடையாது என்ற வாதத்தை என் 1799 டிரேட் டாலர் ஒன்றே போதும், உடைத்துவிடும். 1799 டிரேட் டாலர் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்படியானால் அந்தத் தகரக் காசும் ஃபேன்டஸி நாணயம்தானே (அரசு வெளியிடாத ஆண்டைப் போட்ட கற்பனைக் காசை இப்படிச் சொல்வார்கள்), அதற்கும் முத்திரை வேண்டாம்தானே? இந்த வாசலைத் திறந்துவிட்டால் நல்ல கலைஞர் ஒருவர் மட்டுமா அதில் நுழைவார்? ஃபெடரல் டிரேட் கமிஷன் 1978லேயே ஒரு வழக்கில் இதைப் பேசியிருக்கிறது. ஆண்டை மட்டும் மாற்றி அரசு நாணயம் போலவே அடித்தாலும், மக்கள் அசல் என்று நினைத்துவிட வாய்ப்பு இருப்பதால் முத்திரை வேண்டும் என்பதே அதன் முடிவு. எதிர்த்தரப்பினர் இன்னொரு சட்டப்பிரிவையும் காட்டுவார்கள். அரசு நாணய அச்சைப் போன்ற அச்சை அனுமதியில்லாமல் செய்வதே குற்றம் என்கிறது அது. மேலச்சு விஷயத்தில் இதை எப்படிப் பொருத்துவது என்று வழக்கறிஞர்களே இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. சட்டத்தை விடவும் எனக்கு நேரில் நடந்த இரண்டு சம்பவங்கள்தான் என் மனதை மாற்றின.

முதல் சம்பவம், நான் இதே காசில் இரண்டாவது ஒன்றை வாங்கியது. முதலில் வாங்கியபோது இது தனியார் தயாரிப்பு, அரசு நாணயம் அல்ல, உண்மைக் காசின்மேல் அடித்தது என்பதெல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. எவ்வளவு அடித்தார் என்ற எண்ணிக்கையைக்கூட மறைக்காமல் சொல்கிறவர் அவர். அந்த வகையில் நாணயமான வியாபாரம், என்னிடம் ஒரு சொல் பொய் சொல்லப்படவில்லை. இரண்டாவது முறை ஒரு மறுவிற்பனையாளரிடம் பார்த்தேன். படம் அதே காசு. விளக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 1964, டென்வர், பீஸ் டாலர், வெள்ளி, மிக அரிது, நல்ல நிலை. இதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று பாருங்கள். காசில் 1964 என்றுதான் இருக்கிறது, டி இருக்கிறது, வெள்ளிதான், அரிதுதான். தனியார் அடித்தது என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டார். நான் கேள்வி கேட்டு எழுதினேன், என் தாத்தா வைத்திருந்த காசு, எனக்கு வேறு எதுவும் தெரியாது என்று பதில் வந்தது. 2010இல் அடித்த காசு! நான் தெரிந்தே வாங்கினேன், வேறு யாரும் ஏமாறக் கூடாது என்பது ஒரு காரணம், சோதனைக்கு இன்னொன்று வேண்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் உலுக்கிவிட்டது. ஒரே அச்சு, ஒரே இயந்திரம், ஒரே உலோகம். ஒன்று கலைப்பொருளாக வந்தது, இன்னொன்று போலியாக வந்தது. வித்தியாசம் காசில் இல்லை, கூட வந்த நாலு வார்த்தையில் இருந்தது. அந்த வார்த்தை காசோடு ஒட்டியில்லை.

இரண்டாவது சம்பவம்தான் இன்னும் வலித்தது. நண்பர் ஒருவரின் அப்பா பெரிய சேகரிப்பாளர், காலமாகிவிட்டார். பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நண்பர் கூப்பிட்டார். அவருக்கோ அவருடைய அம்மாவுக்கோ காசு பற்றி ஒன்றும் தெரியாது. பெரியவர் ஒழுங்கானவர்தான், ஒவ்வொரு காசுக்கும் சீட்டு எழுதி வைத்திருந்தார், ஆனால் சீட்டுகளைத் தனி நோட்டில் ஒட்டியிருந்தார், அந்த நோட்டு வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. பெட்டியில் இருந்த காசுகளில் ஐந்தாறு ஃபேன்டஸி வகை, ஒன்று இந்த 1964 டி. நண்பர் அதைத் தனியாக எடுத்துப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். இணையத்தில் தேடியிருக்கிறார், எல்லாம் உருக்கப்பட்டது, மிஞ்சியிருந்தால் விலைமதிப்பே இல்லை என்று படித்திருக்கிறார். தொழிலாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள் என்ற அந்தப் பேச்சையும் படித்திருக்கிறார். அப்பா நமக்கு இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டார். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொல்ல? மெதுவாகத்தான் சொன்னேன், அப்பா தெரிந்தே விரும்பி வாங்கிய அழகான காசு இது, ஆனால் நீங்கள் நினைக்கிற காசு இல்லை என்று. அடுத்து அவர்கள் கேட்ட கேள்வி என்னால் மறக்க முடியவில்லை. “அப்படின்னா அவர் ஏமாந்துட்டாராப்பா?” இல்லை அம்மா, அவர் ஏமாறவில்லை, அவருக்கு எல்லாம் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை. காசிலேயே 2 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சொல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

வாங்குபவருக்குத் தெரிந்தால் போதும் என்று பேசுகிறவர்கள் முதல் வாங்குபவரோடு நின்றுவிடுகிறார்கள். வெள்ளிக்காசுக்கு ஆயுசு நம்மைவிடப் பல மடங்கு. அதை மூன்றாவது, நான்காவது ஆளும் எடுத்துப் பார்ப்பார். ஆண்டைத் தேர்ந்தெடுத்ததும் இங்கே முக்கியம். யாருமே நம்ப முடியாத ஒரு ஆண்டைப் போட்டிருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். 1964 டி நம்பக்கூடிய ஆண்டு, நம்ப வேண்டும் என்று பலர் ஏங்கிக்கொண்டிருக்கும் ஆண்டு. அதனால்தான் இது நன்றாக விற்றது, அதனால்தான் இதில் ஆபத்தும்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும், நானே அதை மதிக்கிறேன். காலம் கடந்தால் போலிகளும் சேகரிப்புப் பொருள் ஆகின்றனவே, எதற்கு இவ்வளவு பதற்றம் என்பார்கள். உண்மைதான். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரத்தில் ஜொவான்னி தா கவீனோ பழைய ரோமப் பெருங்காசுகளின் பாணியில் அச்சு வெட்டி அடித்தவற்றை இன்று பாதுவன் என்று தனி வகையாகவே சேகரிக்கிறார்கள், அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பீஸ் டாலருக்கு முந்தைய வெள்ளிக் காசான மோர்கன் டாலரில் 1896, 1900, 1902 ஆண்டுகளின் மைக்ரோ ஓ என்ற வகையை (நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையைக் குறிக்கும் ஓ எழுத்து வழக்கத்தைவிடச் சிறிதாக இருக்கும்)ப் பல பத்தாண்டு அசல் என்றே நம்பி வாங்கினார்கள், 2005இல்தான் தரச்சான்று நிறுவனமான பிசிஜிஎஸ் அவை அந்தக் காலத்துப் போலி என்று அறிவித்தது. பிறகும் ஆசையாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியூஜெர்சியில் ஃபிரான்சிஸ் ஹென்னிங் என்பவர் 1950களில் ஐந்து சென்ட் காசைப் போலியாக அடித்தார். 1944 என்று ஆண்டு போட்டார், ஆனால் போர்க்கால நிக்கலின் பின்பக்கத்தில் பெரிதாக இருக்க வேண்டிய, பிலடெல்பியாவைக் குறிக்கும் பி எழுத்தை விட்டுவிட்டார், அந்த எழுத்து இல்லாததே அவரைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஹென்னிங் நிக்கலையும் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் இந்த எல்லாக் கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள், அவை சேகரிப்புப் பொருள் ஆனது அடையாளம் தெரிந்த பிறகு. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஏமாற்றுதான். ஜெர்மனியில் கார்ல் பெக்கர் என்று ஒருவர் இருந்தார், 1830இல் இறந்தார், பண்டைக்காசுப் போலிகளில் அவருக்கு நிகர் இல்லை. புதிதாக அடித்த காசுகளை இரும்புத் துகளோடு பெட்டியில் போட்டு, வண்டியின் அச்சில் கட்டி ஊர் ஊராக ஓட்டுவாராம், குலுங்கிக் குலுங்கிப் பழசாகட்டும் என்று. அவருடைய அச்சுகளே பிறகு பெர்லின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அதற்கு முன் அவரிடம் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

அரசு நாணயச்சாலை மட்டும் யோக்கியமா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1804 என்று ஆண்டு போட்ட அமெரிக்க வெள்ளி டாலரில் இன்று 16 தெரியவந்திருக்கின்றன, ஒன்றுகூட 1804இல் அடித்ததல்ல. முதல் தொகுதி 1834 வாக்கில் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்க அடித்தது. பிறகு 1858 வாக்கில் பிலடெல்பியா நாணயச்சாலை ஊழியர்களே திருட்டுத்தனமாகச் சிலவற்றை அடித்தார்கள். அதில் ஒன்றை 1857ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்து வெள்ளிக்காசு ஒன்றின்மேலேயே அடித்திருக்கிறார்கள், ஆமாம், மேலச்சு! அடியில் இருந்த ஸ்விஸ் காசின் தடயம்தான் 1804 என்பது பொய் என்று சாட்சி சொல்கிறது, இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார் அடித்தது போலி என்றால் இதுவும் போலிதான், இது மட்டும் எப்படிப் பல கோடிக்கு மதிப்புள்ள பொக்கிஷம் என்று கேட்கும்போது எனக்கும் முழுப் பதில் கிடையாது. ஆனால் நாணயச்சாலை அன்று செய்த தப்பை இன்று நாம் செய்வதற்கு அனுமதிச் சீட்டாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு மதிப்பெண் எதற்குப் போனது என்று சொல்லவில்லையே. அது 2021க்குப் பிறகு போனது. அமெரிக்க நாணயச்சாலையே அந்த ஆண்டு பீஸ் டாலரை மறுபடி வெளியிட்டது, 99.9 சதவீத வெள்ளியில், 2021 என்று உண்மையான ஆண்டைப் போட்டு. இரண்டையும் வாங்கி ஒப்பிட்டேன். பார்வைக்குக் காரின் காசுதான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, பழைய வெள்ளியின் நிறம் அதில் இருக்கிறது. ஆனாலும் அரசு வெளியீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக மறந்துவிடலாம். மேலச்சை அப்படி மறக்க முடியவில்லை, எனக்குப் பிறகு யார் கையில் போகும் என்ற கவலை கூடவே வருகிறது. காசு வாங்குவது சந்தோஷத்துக்குத்தானே.

வாங்கலாமா என்று கேட்டால், தெரிந்து வாங்குகிறவர் தாராளமாக வாங்கலாம், வேலைப்பாட்டில் ஏமாற்றம் இருக்காது. வெளியீட்டு விலையைவிட அதிகமாகவே பல கைமாறுகின்றன என்பதால் பணமும் பெரும்பாலும் வீணாகாது, ஆனால் அதற்காக வாங்காதீர்கள். சேகரிப்பில் இறங்கி ஓரிரு ஆண்டே ஆனவர் என்றால் இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு சாதாரண 1922 பீஸ் டாலரை வாங்கிப் பழகுங்கள், எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எவ்வளவு அடித்தார்கள் என்ற பட்டியல் மனதில் ஏறட்டும், இந்த வகையில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பட்டியல் ஒன்றுதான். வாங்கினால் சீட்டைத் தனி நோட்டில் வைக்காதீர்கள், காசு இருக்கும் அதே உறைக்குள் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்காவது வாயால் சொல்லி வையுங்கள். விற்றால் தனியார் மேலச்சு என்ற சொல் முதல் வரியில் இருக்கட்டும், கடைசி வரியில் வேண்டாம்.

முதலில் வாங்கியதை அப்படியே வைத்திருக்கிறேன். தாத்தா காசு என்று சொல்லி விற்கப்பட்ட இரண்டாவதைப் போன மாதம் எழுத்து வெட்டுபவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கழுகு நிற்கும் பாறைக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது, அங்கே நகல் என்ற அந்த ஆங்கிலச் சொல்லை 2 மில்லிமீட்டர் உயரத்தில் குழிவாக வெட்டித்தரச் சொன்னேன். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல காசு, வெட்டினால் விலை போய்விடுமே சார், நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார். வெட்டுங்கள் என்றேன்.